புருல் எஜேயின் பதினான்கு கடவுச்சொற்கள்

வரலாற்றுத் துறையில் ஆசிரியர்கள் பதினான்கு பேர். பல்கலைக்கழகத்தின் மின்பதிவேட்டைத் திறந்து மதிப்பெண் ஏற்றத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அந்த ஒருவர் இந்தப் பதினான்கு பேரில் இல்லை. துறையின் எழுத்தர் புருல் எஜேதான் அவர். எஜே என்றால் அக்கா; ஆண் ஆசிரியர்களை அகாய் என்போம், அண்ணன் மாதிரி. ஐம்பத்தாறு வயதுப் பெண்ணை எங்கள் ஊரில் அவரைவிட மூத்தவர்கள் தவிர வேறு யாரும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

பதினோரு வருடங்களுக்கு முன் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து இரண்டு பேர் வந்து மின்பதிவேட்டை நிறுவினார்கள். ஆசிரியர்களைக் கூட்டி இரண்டு மணி நேரம் பாடம் நடத்தினார்கள். ஆளுக்கொரு மூடிய உறை கொடுத்தார்கள். உள்ளே கடவுச்சொல். "இதை யாரிடமும் தர மாட்டேன்" என்று எழுதிய தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிற வழியில் பதினான்கு பேரும் உறையைப் பிரிக்காமலேயே புருல் எஜேயின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. முன்பு தேர்வுத் தாள்களை வைத்த இடத்திலேயே இதையும் வைத்தார்கள், அவ்வளவுதான். நான் கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. இதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிப் பதிவேடு பிடிவாதம் பிடிக்கும். புருல் எஜேதான் மாற்றுவார். ஒவ்வொருவருக்கும் அவரவர் மறக்க முடியாத ஒன்றிலிருந்து செய்வார். தத்துவம் எடுக்கும் கெரிம் அகாய்க்கு அவருடைய குதிரையின் பெயரும் அது பந்தயத்தில் வென்ற வருடமும். துறைத் தலைவர் ஜிப்பார் எஜேக்கு அவருடைய மூத்த மகளின் பெயர். மெலிஸ் அகாய்க்கு அவர் பிறந்த கிராமம். மறக்க முடியாதவற்றை எல்லோரும் மறந்தே இருந்தார்கள். புருல் எஜேயின் கட்டம் போட்ட நோட்டுதான் நினைவில் வைத்திருந்தது.

எங்களிடம் ஐந்துதான் உச்ச மதிப்பெண். அது வரும் வழி இது. ஆசிரியர் நீல மையில் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். புருல் எஜே அந்த ஆசிரியரின் பெயரில் உள்ளே போய் ஏற்றுவார். திருத்தம் என்றாலும் அப்படித்தான். தாள் வராமல் விரல் அசையாது என்று அவருக்குப் பெயர் இருந்தது. ஒரு முறை மட்டும் அசைந்தது.

அதற்கு முன் அவர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு என்றால் பல்கலைக்கழக விடுதியின் மூன்றாவது மாடியில் ஓர் அறை. கணவர் ஒரோஸ்பெக் சீன எல்லைக் கணவாய்க்கு லாரி ஓட்டியவர், ஆள் வாட்டசாட்டம். ஆறு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் போட வேண்டும். விடுதிக்கும் துறைக்கும் நடுவே ஒரு முற்றம்தான். புருல் எஜே பதினொன்றுக்கு ஒரு முறை, ஒன்றுக்கு ஒரு முறை, மூன்றுக்கு ஒரு முறை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முற்றத்தைக் கடப்பதை எங்கள் மையத்தின் ஜன்னலிலிருந்து பார்க்கலாம். போகும்போது வேகமாகப் போவார். வரும்போது கைகளைத் தேய்த்துக்கொண்டு வருவார். அந்த அறை வேலையோடு வந்தது. வேலை போனால் அறையும் போகும். ஊரில் வேறு எந்த வேலையும் அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு விடாது.

போன ஜூன் மாதக் கடைசியில் மெலிஸ் அகாய், கோடைக்கு மாடுகளோடு ஏறியிருந்த மேய்ச்சல் மலையிலிருந்து போன் செய்தார். சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று பேசியிருக்கிறார். மாடு கத்துவதும் காற்று அடிப்பதும்தான் பாதி கேட்டதாம்.

"புருல், ஒரு மூணை அஞ்சாக்கணும். என் சம்பந்தி வீட்டுப் பையன். கல்யாணத்துல என்னை எங்க உக்கார வச்சாங்கன்னு உனக்கே தெரியும்ல?"

"தாள் எங்க அகாய்?"

"மலை மேல தாளுக்கு எங்க போவேன்? எறங்கினதும் மொத வேலையா கையெழுத்துப் போட்டுத் தரேன். இன்னைக்குப் பதிவேடு மூடிடும். உன்னை மலையா நம்பியிருக்கேன்."

"நீங்கதான் இப்ப மலை மேல நிக்கிறீங்க."

"சிரிக்காத. போடு."

போட்டார். மெலிஸ் அகாய் ஆகஸ்டு கடைசியில் ஒரு குடம் குதிரைப்பாலோடு இறங்கி வந்தார். தாள் மறந்துவிட்டது. புருல் எஜே இரண்டு முறை கேட்டார், பிறகு விட்டுவிட்டார்.

அந்த வகுப்பில் முதல் உதவித்தொகை ஒருவருக்குத்தான். அந்த ஐந்தினால் அது ஒரு பெண்ணின் கையிலிருந்து நழுவி சம்பந்தி வீட்டுப் பையனுக்குப் போனது. பெண்ணின் அப்பா விடவில்லை. மனு மேல் மனு. ஜனவரியில் குழு அமைத்தார்கள். யார் கணக்கு எப்போது எந்தக் கணினியில் திறந்தது என்ற பதிவேட்டின் தடங்களை எடுத்துத் தரச் சொல்லி எங்கள் மையத்துக்கு ஆணை வந்தது. எடுத்துக் கொடுத்தவன் நான். ஒரு வரிதான்: ஜூன் இருபத்தேழு, பகல் பன்னிரண்டு பத்து, மெலிஸ் அகாயின் கணக்கு, வரலாற்றுத் துறை எழுத்தரின் கணினி.

குழுவின் முன் மெலிஸ் அகாய் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. "நான் அன்னைக்கு மலை மேல இருந்தேன். என் மாட்டைக் கூப்பிட்டுக் கேளுங்க. அங்க இன்டர்நெட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. என் கடவுச்சொல்லை எவ எடுத்தாளோ எனக்கு என்ன தெரியும்?"

புருல் எஜே மறைக்கவில்லை. "நான்தான் மாத்தினேன். அவர் சொன்னார், மாத்தினேன். பதினாலு பேரோடதும் என்கிட்டதான் இருக்கு. குடுத்தது அவங்கதான்" என்றார்.

குழுத் தலைவர் சட்டம் படித்தவர். நிதானமானவர். "சரி, சோதிச்சுப் பாத்துடுவோம்" என்றார். வெள்ளிக்கிழமை காலை பதினான்கு ஆசிரியர்களும் கணினிக் கூடத்துக்கு வந்து, குழுவின் முன் தங்கள் கடவுச்சொல்லால் தாங்களே உள்ளே போய்க் காட்ட வேண்டும். போக முடியாதவர் தன் கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுத்தவர் என்று பொருள். போக முடிந்தவர் கொடுக்காதவர். இது என் காதில் விழுந்தபோது, புருல் எஜே தப்பித்தார் என்றே நினைத்தேன். ஒருவருக்கும் தெரியாதே.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. புருல் எஜே யோசித்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத்தான் குளிர்காலத் தேர்வின் பதிவேடு மூடுகிறது. மூன்று முறை தவறாகத் தட்டினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். திறக்க பிஷ்கெக்குக்கு எழுத வேண்டும், பத்து நாளாகும். மதிப்பெண் ஏறாத மாணவருக்கு அந்த அரையாண்டு உதவித்தொகை கிடையாது, விடுதி இடமும் கேள்விதான். பதினான்கு கணக்குகளுக்குப் பின்னால் நானூறுக்கும் மேல் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் மதிப்பெண்களில் பாதிதான் ஏறியிருந்தது. குழு அமைந்த அன்றே புருல் எஜேயிடம் கணினியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை நான் ஒரு கம்பியைச் சரிபார்க்கத் துறைக்குப் போனேன். வெளியே மைனஸ் இருபத்து நான்கு டிகிரி. அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் கொஞ்சம்தான் சூடாக இருந்தது. நான் மேஜைக்கு அடியில் இருக்கும்போது முதலில் கெரிம் அகாய் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"புருல் எஜே, என் குதிரை செத்துப் போச்சு தெரியுமா?"

"எப்போ?"

"நாலு வருஷமாச்சு. அதான், கடவுச்சொல்லுல இன்னும் அது ஓடுதான்னு கேக்க வந்தேன்."

புருல் எஜே சிரித்தார். நோட்டைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கெரிம் அகாய் அதைப் படித்து, மடித்து, தொப்பியின் உள்மடிப்பில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு நாங்க எல்லாரும் உனக்காகப் பேசுவோம். மொதல்ல உள்ள போயிட்டா அப்புறம் பேசலாம். உள்ளயே போகலைன்னா எங்க பேச்சை யார் கேப்பா?" என்றார். அது சரிபோலவே கேட்டது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் பாதாமி ஜாம் கொண்டுவந்தார். ஒருவர் ஒரோஸ்பெக்கின் உடம்பை விசாரித்தார், அவர் ஆறு வருடமாக விசாரித்ததில்லை. ஜிப்பார் எஜே கதவைச் சாத்திக்கொண்டு, "என்னைத் தப்பா நெனைக்காத. தலைவரே முடியாம நின்னா துறையே நாறிடும்" என்றார். புருல் எஜே யாரையும் நிற்க வைக்கவில்லை. பெரிய எழுத்து எங்கே, எண் எங்கே, கடைசியில் எந்தக் குறி என்று விரலால் தொட்டுக் காட்டினார். கண்ணாடி மறந்து வந்தவருக்குப் பெரிதாக எழுதிக் கொடுத்தார்.

நான் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்தேன். எனக்கு வாய் சீக்கிரம் வராது. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"எஜே, குடுக்காதீங்க. அவங்களுக்குத் தெரியாதுங்கறதுதான் உங்களுக்கு இருக்கற ஒரே சாட்சி."

"தெரியும் தம்பி."

"அப்புறம்?"

"மூணு தடவை தப்பா தட்டுவாங்க. இவங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? மூணாவது தடவை கோவத்துல தட்டுவாங்க. பூட்டிக்கும். அந்தப் பசங்க என்ன பண்ணும்? மலை ஊர்லேருந்து வந்த பிள்ளைங்களை இந்தக் குளிர்ல விடுதியை விட்டு வெளிய அனுப்புவாங்களா?"

"உங்களை அனுப்புவாங்களே."

அவர் நோட்டை மூடினார். மணி மூன்று. சால்வையை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனார்.

மெலிஸ் அகாய் கடைசியாக வந்தார், நாலரைக்கு. நான் தாழ்வாரத்தில் இருந்தேன். கதவு மூடியிருந்ததால் குரல்தான் கேட்டது.

"புருல், எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான். அதுக்குள்ள பேர் கெட்டா பேராசிரியர் பட்டம் போச்சு. உனக்கென்ன, எழுத்தர் வேலை எங்க வேணா கெடைக்கும்."

"எங்க கெடைக்கும் அகாய்? மூணாவது மாடிக்குக் கீழயே கெடைக்குமா?"

நோட்டைப் புரட்டும் சத்தம், மறுபடி புருல் எஜேயின் குரல்.

"நீங்க போன் பண்ணினதை மட்டும் சொல்லுங்க. வேற எதையும் சொல்ல வேணாம். போன் பண்ணேன், அவ்வளவுதான்."

"பாக்கறேன்."

"பாக்காதீங்க. சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். மொதல்ல அதைக் குடு."

சீட்டுக் கிழியும் சத்தம் கேட்டது. கொடுத்துவிட்டார். அவருக்குக் கொடுக்காமல் விட்டிருக்கலாம். பதினான்கில் ஒன்று போதும். நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மெலிஸ் அகாயிடம் படித்தவர்கள்தான் துறையிலேயே அதிகம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

வெள்ளிக்கிழமை கணினிக் கூடத்தில் எல்லோரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். புருல் எஜேக்குச் சுவரோரம் தனி நாற்காலி. கெரிம் அகாய் முதலில் போனார். ஒவ்வொரு எழுத்தாக, கோழி தானியம் கொத்துவதுபோல் தட்டினார். பதிவேடு திறந்தது. யாரோ கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள். ஜிப்பார் எஜே. அடுத்தவர். அதற்கடுத்தவர். ஒருவர் இரண்டு முறை தவறவிட்டார். மூன்றாவது முறைக்கு முன் அவர் கண் தானாகப் புருல் எஜே பக்கம் போனது. புருல் எஜே இடது கையால் காற்றில் ஏதோ ஒரு குறி போட்டார். அந்த ஆசிரியர் கடைசிக் குறியை விட்டிருந்தார் போலும். திறந்தது. குழுத் தலைவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்திருந்தாலும் அவர் கேட்ட கேள்விக்கு அது விடை இல்லை.

மெலிஸ் அகாய் முதல் தடவையிலேயே உள்ளே போனார்.

"ஆக, பதினாலு பேர் கையிலயும் அவங்க அவங்க கடவுச்சொல் இருக்கு. யாராவது இவங்ககிட்ட குடுத்தீங்களா?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

கொடுத்தேன் என்றால் பதினோரு வருடத்துக்கு முந்தைய கையெழுத்தை மீறியதாகும். எழுத்துமூலக் கண்டிப்பு, ஒரு வருடத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. கெரிம் அகாய் எழப் பார்த்தார். நாற்காலி கிறீச்சிட்டது. ஜிப்பார் எஜே அவர் பக்கம் திரும்பாமலேயே, "பேசணும்னா எல்லாருக்கும் சேத்துப் பேசுங்க" என்றார். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"மெலிஸ் அகாய், ஜூன்ல இவங்களுக்குப் போன் பண்ணினீங்களா?"

"பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லப் பண்ணியிருப்பேன். ஞாபகம் இல்ல."

என் பையில் ஒரு தாள் இருந்தது. பதினோரு வருடத் தடங்களை உட்கார்ந்து எடுத்திருந்தேன். பதினான்கு கணக்குகளும் அன்று காலை வரை புருல் எஜேயின் ஒரே ஒரு கணினியிலிருந்துதான் திறக்கப்பட்டிருந்தன. வேறு எங்கிருந்தும், ஒரு முறைகூட இல்லை. அந்த ஒரு தாள் போதும். அதே தாளில் இன்னொன்றும் தெரியும். ஒவ்வொரு வருடமும் "ஆசிரியர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே கையாளுகிறார்கள்" என்று கணினி மையம் சான்று தருகிறது. கடைசி மூன்றில் என் கையெழுத்து.

எழுந்தேன். "ஐயா, தடங்கள்ல இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றேன்.

"உங்க அறிக்கை வந்துடுச்சே தம்பி. ஒரு பதிவைத்தான் கேட்டோம், குடுத்துட்டீங்க. புதுசா குடுக்கறதா இருந்தா உங்க மையத் தலைவர் மூலமா எழுத்துல குடுங்க."

மையத் தலைவர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்தேன். புருல் எஜே என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழுத் தலைவரைப் பார்த்து, "என் விஷயம் முடிஞ்சதுன்னா இவங்களை மதிப்பெண் ஏத்தச் சொல்லுங்க. ஆறு மணிக்கு மூடிடும். எப்படி ஏத்தறதுன்னு இவங்களுக்குத் தெரியாது. நான் எதையும் தொடல, பின்னால நின்னு சொல்றேன்" என்றார்.

அனுமதித்தார்கள். அன்று பிற்பகல் முழுக்கப் புருல் எஜே நாற்காலி நாற்காலியாக நகர்ந்து, ஆசிரியர்களின் தோளுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று சொல்லிக்கொடுத்தார். மூன்று மணிக்கு மட்டும் ஒரு முறை போய் வந்தார். ஐந்து ஐம்பதுக்குக் கடைசி மதிப்பெண் ஏறியது.

வேலை நீக்க ஆணை திங்கட்கிழமை வந்தது. பிறர் கணக்கில் நுழைந்து அரசு ஆவணத்தைத் திருத்திய குற்றம். வயதை எண்ணிப் பார்த்து போலீசுக்கு அனுப்பவில்லை என்று ஒரு வரி. பிப்ரவரி இருபதுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். புருல் எஜே மேல்முறையீடு எழுதினார். யாரிடமாவது சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார்கள். வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் தேநீர் கொடுத்தார்கள், ரொட்டி பிட்டு வைத்தார்கள். என் வீட்டுக்கும் வந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். மையத்திலிருக்கும் எனக்கும் துறைக்கும் சம்பந்தம் இல்லை என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். பையிலிருந்த தடங்களின் தாளையும் பிறகு எழுத்தில் கொடுத்தேன். அது இன்னும் எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் அவருடைய தங்கை வீட்டில், தொழுவத்தை ஒட்டிய ஓர் அறை கிடைத்தது. மூன்றாவது மாடியிலிருந்து ஒரோஸ்பெக்கை இறக்க ஆறு பேராவது வேண்டும். எங்கள் ஊரில் யாராவது வீடு மாறினால் கூப்பிடாமலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். அது ஒரு வழக்கம், யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. இருபதாம் தேதி காலையில் நான் போனபோது கெரிம் அகாய் ஏற்கெனவே கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். துறையின் ஆண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மெலிஸ் அகாயும்.

புருல் எஜே அவரைப் பார்த்தார். "கால் பக்கம் நீங்க பிடிங்க. தலைப் பக்கம் கனம்" என்றார்.

ஒரோஸ்பெக்கைத் தடித்த கம்பளத்தில் கிடத்தி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இறங்கினோம். படிகள் குறுகல். "மெதுவா, லாரிய ரிவர்ஸ் எடுக்கற மாதிரி" என்றார் கெரிம் அகாய். ஒரோஸ்பெக் பாதி வாயால் சிரித்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தங்கை வீட்டில் காற்று நல்லது, அதனால் போகிறோம் என்று புருல் எஜே சொல்லிவைத்திருந்தார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றோம். ஒரோஸ்பெக் மெலிஸ் அகாயைப் பார்த்து, குழறிக் குழறி, "இவ்வளவு பெரிய மனுஷங்க... என் கால... நான் யாரு..." என்றார். மெலிஸ் அகாய், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஒரோஸ்பெக் அசையும் இடது கையைத் தூக்கி உள்ளங்கையை விரித்தார். எங்களுக்கு ஆசி சொல்லப் போகிறார் என்று புரிந்தது. ஆசி சொல்லும்போது எல்லோரும் கைகளை ஏந்தி, முடிந்ததும் முகத்தில் தடவிக்கொள்ள வேண்டும். எங்கள் கைகள் கம்பளத்தைப் பிடித்திருந்தன. அவர் காத்திருந்தார். கடைசியில் அவரை மெதுவாகச் சிமெண்டுத் தரையில் இறக்கி வைத்தோம். ஏழு பேரும் குனிந்து கைகளை ஏந்தினோம். உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், உங்கள் பெயருக்குக் குறை வராமல் இருக்கட்டும் என்று அவர் சொல்லி முடிக்க நீண்ட நேரம் ஆனது. முகத்தைத் தடவிக்கொண்டோம்.

கீழே புருல் எஜே வாசல் கதவைத் தோளால் அணைத்துத் திறந்து பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"சீக்கிரம் வாங்க, குளிர் உள்ள வருது" என்றார்.